முதல்ல எர்த்தைப் பாருங்க, அப்புறம் ஸ்டெபிலைசர் வாங்கலாம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க. உங்க டிவி தப்பிக்கலாம். அதைவிட முக்கியம், வீட்டுல ஒரு ஆள் தப்பிக்கலாம்.

முதல்லயே என் தகுதியைச் சொல்லிடறேன். நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர் இல்லை. சின்ன வயசுல ஃபியூஸ் கட்டையில கம்பி சுத்தி கரண்ட் வரவழைச்சப்போ வந்த ஆர்வம், இன்னும் விடலை. அடிபட்டும், காசு போயும், நாலு நல்ல எலக்ட்ரீஷியன் அண்ணன்கள்கிட்ட டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டும் கத்துக்கிட்டதுதான் எல்லாம்.

இப்ப கதைக்கு வருவோம்.

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறுச்சு. அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர்ல பல பகுதி தண்ணியில நின்னுச்சு. எங்க வீடு திருப்பாதிரிப்புலியூர்ல கொஞ்சம் மேடான தெருவுல இருக்கிறதால தண்ணி உள்ள வரலை. "அப்பாடா, இந்தத் தடவை தப்பிச்சோம்"னு நினைச்சேன். வாய் முகூர்த்தம்! புயலுக்கு ஆடிப்போயிருந்த ஒரு வேப்பமரக் கிளை, பத்து நாள் கழிச்சு, லேசா ஒரு காத்து அடிச்ச ராத்திரியில கரண்ட் லைன் மேல முறிஞ்சு விழுந்துச்சு.

கரண்ட் போகலை. அதுதான் பிரச்சினையே.

ஹால் ஃபேன் திடீர்னு ஹெலிகாப்டர் மாதிரி சுத்த ஆரம்பிச்சுது. பூஜை ரூம்ல எப்பவும் மினுக் மினுக்னு எரியுற ஜீரோ வாட்ஸ் பல்பு வெள்ளை வெளேர்னு எரியுது. என் மனைவி, "என்னங்க, கரண்ட் இன்னிக்கு ரொம்ப ஜோரா வருது?"ன்னு கேட்டு முடிக்கல, டிவி பக்கத்துலேர்ந்து 'டப்'புன்னு ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகுற வாடை. ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணேன். அதுக்குள்ள டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி மூணும் சிவலோகப் பதவி அடைஞ்சிடுச்சு. மூணும் மாட்டியிருந்தது, நல்ல விலை கொடுத்து வாங்கின 'ஸ்பைக் பஸ்டர்' பெட்டியில. அதுவும் உள்ள கரிக்கட்டை.

ஃப்ரிட்ஜ் மட்டும் தப்பிச்சுது. அதோட ஸ்டெபிலைசர் டக்குனு கட் பண்ணிடுச்சு.

வெளிய வந்து பார்த்தா எதிர்வீட்டுக்காரர் வேற மாதிரி புலம்புறார். "லோ வோல்டேஜ் சார், ஃபேன் சுத்தவே மாட்டேங்குது, குண்டு பல்பு சிவப்பா எரியுது." ஒரே தெரு, ஒரே டிரான்ஸ்ஃபார்மர். என் வீட்டுல ஜோரு, அவர் வீட்டுல சோகம். இது எப்படி?

சொன்ன உடனே, அந்த ராத்திரியிலும் ஒரு லைன்மேன் வந்தார். கிளையை வெட்டி, லைனை நிறுத்தி, கம்பத்துல ஏறி அறுந்திருந்த ஒரு கம்பியைச் சேர்த்துட்டு இறங்கினார். "நியூட்ரல் போயிடுச்சு சார். நாலு கம்பியில இது ஒண்ணு போனா நாதியில்லை"ன்னாரு. அந்த ஒரு வாக்கியத்துல பாடம் முழுசும் இருக்கு.

நியூட்ரல்னா என்ன?

நம்ம தெருவுக்கு வர்றது மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல். உங்க வீட்டுக்கு ஒரு ஃபேஸ், எதிர்வீட்டுக்கு இன்னொரு ஃபேஸ், நியூட்ரல் எல்லாருக்கும் பொது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட். ஆனா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 400 வோல்ட். பொது நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் அறுந்துடுச்சுன்னா, உங்க வீடும் எதிர்வீடும் அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கணும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரிதான், சரிபாதியா பிரியாது :-)

ஒரு கணக்கு. உங்க வீட்டுல 100 வாட்ஸுக்கு ஏதோ ஓடுது. எதிர்வீட்டுல 1000 வாட்ஸுக்கு இஸ்திரிப் பெட்டி ஓடுது. பங்கு பிரியறப்போ, கம்மியா ஓடுற உங்க வீட்டுக்கு சுமார் 364 வோல்ட், அவர் வீட்டுக்கு சுமார் 36 வோல்ட். அதாவது சிக்கனமா கரண்ட் செலவு பண்றவன் வீட்டுலதான் முதல்ல டிவி வெடிக்கும். என்ன அநியாயம் பாருங்க!

இன்னொண்ணு. இது மின்னல் மாதிரி கண் மூடித் திறக்குறதுக்குள்ள போற விஷயம் இல்லை. யாராவது மெயினை நிறுத்துற வரைக்கும் நிமிஷக்கணக்கா நிக்கும்.

நம்ம ஊர் மாதிரி கடலோரத்துல இது எப்பவாவது நடக்குற அதிசயமும் இல்லை. 2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் கடலூர்-புதுச்சேரிக்கு நடுவுல கரை ஏறினப்போ, ஆயிரக்கணக்குல கம்பங்கள் சாய்ஞ்சு, கிராமங்கள் வாரக்கணக்குல இருட்டுல கிடந்துச்சு. பண்ருட்டி பக்கம் முந்திரி, பலா மரமெல்லாம் வேரோட போச்சு. அப்புறம் 2020-ல நிவர், 2024-ல ஃபெஞ்சல். புயல் அடிக்கிறப்போ பெரும்பாலும் லைனையே நிறுத்திடறாங்க. ஆபத்து கரண்ட் திரும்ப வர்றப்போதான். பாதி முறிஞ்ச கிளை, தளர்ந்த ஜாயின்ட், உப்புக் காத்துல அரிச்ச கம்பி எல்லாம் அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா வேலையைக் காட்டும். 1962-லேர்ந்து கரண்ட் தயாரிக்கிற நெய்வேலி நம்ம மாவட்டத்துலயே இருக்குங்கறது பெருமைதான். ஆனா உங்க வீட்டு வாசல் வரைக்கும் வர்ற அந்த நாலாவது கம்பியை அது காப்பாத்தாது.

அடையாளத்தை மனசுல வெச்சுக்குங்க. ஒரு பல்பு அதிகமா எரியுது, இன்னொண்ணு மங்குது. ஃபேன் வேகம் தானா கூடுது குறையுது. யோசிக்காதீங்க, டிவி பிளக்கைத் தேடாதீங்க, நேரா போய் மெயினை ஆஃப் பண்ணுங்க. எதிர்வீட்டுக்கும் குரல் கொடுங்க. அப்புறம் மின்னகம் எண் 94987 94987-க்கு போன். கீழ கிடக்குற கம்பியைத் தொடவோ, குச்சியால தள்ளவோ வேண்டாம்.

சரி, அடுத்த நாள் நான் என்ன பண்ணேன்? எல்லாரும் பண்றதுதான். பெரிய ஸ்டெபிலைசரா ஒண்ணு வாங்கக் கிளம்பினேன். அப்போ தெருவுல, கடையில, சொந்தக்காரங்க போன்ல கேட்ட அறிவுரைகள் இருக்கே... அதுல பாதி தப்பு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. "எம்.சி.பி. போட்டிருக்கோம், ஒண்ணும் ஆகாது."

எம்.சி.பி. பார்க்குறது எவ்வளவு ஆம்பியர் ஓடுதுங்கறதை மட்டும்தான். எவ்வளவு வோல்ட் வருதுன்னு அதுக்குத் தெரியாது. அது வயர் பத்திக்காம காப்பாத்துற வாட்ச்மேன், டிவியைக் காப்பாத்துற வாட்ச்மேன் இல்லை. 364 வோல்ட் வந்தப்போ எங்க வீட்டு எம்.சி.பி. ஜம்முனு வேடிக்கை பார்த்துக்கிட்டுதான் இருந்துச்சு.

2. "ஸ்பைக் பஸ்டர் இருக்கு, சிவப்பு லைட்டும் எரியுது."

நிறைய பெட்டிகள்ல அந்த லைட் சொல்றது ஸ்விட்ச் ஆன்ல இருக்குங்கறதை மட்டும்தான். விலை குறைஞ்ச பல பெட்டிகள் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பேருதான் பெத்த பேரு. நிஜமான பெட்டிக்குள்ள எம்.ஓ.வி.ன்னு மாத்திரை மாதிரி ஒரு சமாச்சாரம் இருக்கும். நொடியில லட்சத்துல சில பங்கு நேரம் வந்துட்டுப் போற குத்தலை அது வாங்கிக்கும். வாங்கி வாங்கி ஒரு நாள் தானே தேய்ஞ்சு போகும். நியூட்ரல் அறுந்து நிமிஷக்கணக்கா 364 வோல்ட் நின்னா அதால தாங்க முடியாது, சூடாகி எரியும். என் டிவிக்குப் பின்னால நடந்தது அதுதான். அது ஏமாத்தலை, அதோட வேலை அது இல்லை. நான்தான் தப்பான ஆளைக் காவலுக்கு வெச்சேன்.

3. "ஸ்டெபிலைசர் போட்டா மின்னலுக்குக்கூட பயமில்லை."

டயனோரா, சாலிடேர் டிவி காலத்துல ஸ்டெபிலைசர் இல்லாத டிவி, தாலி இல்லாத கல்யாணம் மாதிரி. அன்னிக்கு அது சரி. வோல்டேஜ் குறைஞ்சா படம் சுருங்கும். இன்னிக்கு வர்ற எல்.இ.டி. டிவிகள் நிறைய 100-லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் எது வந்தாலும் சமாளிச்சுக்கும். பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படிச்சுப் பாருங்க. ஸ்டெபிலைசர் உள்ள 'டக் டக்'னு அடிக்கிறது ரிலே. மின்னலால வர்ற குத்தல் அந்த ரிலே அசையறதுக்கு முன்னாடியே வந்து முடிச்சுட்டுப் போயிடும். ஆனா ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும், அதிக வோல்டேஜ் வந்தா கட் பண்ற வசதியும், கரண்ட் போய் வந்தா மூணு நிமிஷம் பொறுத்துப் போடுற வசதியும் உள்ள ஸ்டெபிலைசர் நல்லதுதான். எங்க ஃப்ரிட்ஜே சாட்சி.

4. "இன்வெர்ட்டர் இருக்கு, அதுவே பாத்துக்கும்."

2012-ல தினம் பத்துப் பன்னெண்டு மணி நேரம் கரண்ட் இல்லாத கொடுமையில பலபேர் கடன் வாங்கி இன்வெர்ட்டர் போட்டோம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர், கரண்ட் இருக்கிறப்போ லைன்ல வர்றதை அப்படியே உள்ள விட்டுடும். கரண்ட் போனாத்தான் பேட்டரி. ரொம்ப அதிக வோல்டேஜ் வந்தா சில மாடல் பேட்டரிக்கு மாறும், உண்மைதான். ஆனா அதை நம்பி மட்டும் இருக்க முடியாது.

5. "ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டா போதும்."

மேகத்துலேர்ந்து பல கிலோமீட்டர் தாண்டி வர்ற மின்னலுக்கு, ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கிற சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டா? பிளக்கைப் பிடுங்கணும். கேபிள் வயர், டிஷ் வயர், இன்டர்நெட் வயர் எல்லாத்தையும் சேர்த்துக் கழட்டணும். அதையும் இடி தலைக்கு மேல வந்தப்புறம் செய்யாதீங்க. தூரத்துல மின்னுறப்பவே செய்யணும்.

எங்க பாட்டி ஒரு எழுத்து படிச்சவங்க இல்லை. வானம் இருட்டினாலே டிவி பிளக்கைப் பிடுங்கி, ஆன்டெனா வயரைக் கழட்டி, பாயைப் போட்டு உட்கார்ந்து "அர்ஜுனா அர்ஜுனா"ன்னு சொல்லுவாங்க. அர்ஜுனன் வந்தானான்னு தெரியாது. ஆனா அந்த டிவி இருபது வருஷம் ஓடுச்சு. மின்னலுக்கு இன்னிக்கு வரைக்கும் அதைவிட உறுதியான, செலவில்லாத வைத்தியம் கிடையாது.

6. "ரப்பர் செருப்பு போட்டிருந்தா மின்னல் தாக்காது. செல்போன்ல பேசினா தாக்கும்."

ரெண்டும் தப்பு. சராசரி மின்னல்ல ஓடுறது சுமார் 30,000 ஆம்பியர். அரை இஞ்ச் ரப்பர் அதுக்கு ஒண்ணுமே இல்லை. காருக்குள்ள பத்திரம்னா அதுக்குக் காரணம் டயர் இல்லை, சுத்தி இருக்கிற இரும்பு உடம்பு. செல்போன் மின்னலை இழுக்காது. சார்ஜர்ல மாட்டிக்கிட்டே பேசறதுதான் தப்பு. அப்போ நீங்களும் கரண்ட் லைனும் ஒரே கயித்துல. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல மட்டும் இந்தியாவுல மின்னலுக்கு 2,887 பேர் பலி. செருப்பு போட்டிருந்தவங்களும் அதுல இருப்பாங்க.

7. "கோபுரக் கலசம் இடிதாங்கி."

இதுக்கு நாம சிதம்பரம் போகணும். கடலூர்லேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம் சொச்சம். எங்க அத்தை வீடு வடக்கு வீதி பக்கம். வாட்ஸ்அப்ல அடிக்கடி சுத்துற ஒரு செய்தியை அத்தை அப்படியே நம்புறாங்க. கலசத்துல வரகு கொட்டி வெச்சிருக்காங்க, வரகு இடியை உள்வாங்கிடும், பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகத்துல மாத்துவாங்க, அதனால கோபுரம் தெரியுற தூரம் வரைக்கும் மின்னல் பயமே இல்லைன்னு.

கலசத்துல தானியம் வைக்கிறது நிஜமான வழக்கம். அதோட அழகும் அர்த்தமும் தனி, அதைக் குறை சொல்ல நான் யாரு? பெருவெள்ளம் வந்தா விதை மிச்சமிருக்கும்னு பெரியவங்க சொல்ற விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா இடிதாங்கி வேலை செய்யணும்னா மூணு விஷயம் வேணும். உச்சியில உலோக முனை, அதுலேர்ந்து கீழ வரைக்கும் அறுபடாத உலோகப் பட்டை, மண்ணுக்குள்ள நல்ல எர்த். கலசம் முதல் விஷயம் மட்டும்தான். மீதி ரெண்டும் இல்லேன்னா மின்னல் செங்கல், சுதை வழியாத்தான் இறங்கும். உள்ள இருக்கிற ஈரம் நொடியில ஆவியாகி வெடிக்கும். வரகு அதைத் தடுக்காது. அதனாலதான் உயரமான கோயில்கள்ல தனியா பட்டை இறக்கி இடிதாங்கி வைக்க வேண்டியிருக்கு.

நாம மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. ஐரோப்பாவுல இடி இடிச்சா சர்ச் மணியை அடிச்சு விரட்டலாம்னு நம்பினாங்க. ஈரக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ஊரிலேயே உயரமான கோபுரத்துக்குக் கீழ நின்னு! 1784-ல ம்யூனிக்ல வெளியான ஒரு நூல், 33 வருஷத்துல 386 சர்ச் கோபுரங்களை மின்னல் தாக்கினதாகவும், மணியடிச்ச 103 பேர் செத்ததாகவும் கணக்குச் சொல்லுது. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் இடிதாங்கியைச் சொல்லிட்டார். சொன்னா யார் கேக்கறாங்க?

இன்னொரு விஷயம் இருக்கு. கோபுரத்துல பக்கா இடிதாங்கியே இருந்து, மின்னல் சமர்த்தா மண்ணுக்குள்ள போனாக்கூட, சுத்தி நாலு வீதியில இருக்கிற டிவிக்கு உத்தரவாதம் இல்லை. மின்னல் விழுந்த இடத்தைச் சுத்தி நூத்துக்கணக்கான அடி தூரத்துல ஓடுற வயர்கள்லயும் கேபிள்லயும் ஒரு குத்தல் எழும்பும். "எங்க வீட்டு மேல இடியே விழலை, ஆனா செட்டாப் பாக்ஸ் போச்சு"ன்னு புலம்புறவங்க கதை இதுதான். இடிதாங்கி கட்டடத்தைக் காப்பாத்தும். வீட்டுக்குள்ள இருக்கிற போர்டைக் காப்பாத்த, மெயின் போர்டுல எஸ்.பி.டி.ன்னு ஒரு சாதனம் தனியா வேணும். அதுவும் உருப்படியா வேலை செய்ய நல்ல எர்த் வேணும்.

8. "எர்த்தும் நியூட்ரலும் ஒண்ணுதான்."

இதுவரைக்கும் சொன்னதுல போனது டிவி, பணம். இது அப்படி இல்லை. கொஞ்சம் நிதானமா படிங்க.

2025 ஐப்பசி மழை. சிதம்பரத்துல அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள்ள லைட் ரெண்டு தடவை மினுக்கி அணைஞ்சுது. பக்கத்து வீட்டுல கரண்ட் இருக்கு. "ஃபியூஸ் போயிருக்கும்டா தம்பி, பாரு"ன்னு சொல்லிக்கிட்டே, அத்தை ஃப்ரிட்ஜுலேர்ந்து மாவை எடுக்கக் கைப்பிடியில கை வெச்சாங்க. ஒரு அலறல். அவங்க பின்னாடி விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு. கை நல்லவேளையா உதறி விட்டுடுச்சு. இறுக்கிப் பிடிச்சிருந்தா இந்தக் கதையை நான் வேற மாதிரி எழுதியிருப்பேன். எழுதாமலும் போயிருப்பேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இ.சி.ஜி. எடுத்து, ஒரு ராத்திரி வெச்சிருந்து அனுப்பினாங்க. முழங்கையில சிராய்ப்பு, நாலு நாள் உடம்பு வலி. அவ்வளவோட போச்சு.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து ஃப்ரிட்ஜ் சாக்கெட்டைக் கழட்டினார். உள்ள எர்த் வயரே இல்லை. எர்த் ஓட்டைக்குப் பின்னாடி இருக்கிற திருகாணிக்கும் நியூட்ரலுக்கும் ரெண்டு இஞ்ச் வயரை வெச்சு முடிச்சுப் போட்டிருந்துச்சு. எந்தக் காலத்துல யார் போட்டதோ. "டெஸ்ட் லேம்ப் வெச்சா எரியும் சார், பார்க்கிறவங்க எர்த் இருக்குன்னு நினைச்சுக்குவாங்க"ன்னாரு. மெயின் போர்டுல நியூட்ரல் வயர் துருப்பிடிச்சு தளர்ந்து விட்டிருந்துச்சு. எரிஞ்சுக்கிட்டிருந்த லைட், ஃபேன் வழியா வந்த ஃபேஸ், திரும்பிப் போக நியூட்ரல் இல்லாம, அந்த ரெண்டு இஞ்ச் வயர் வழியா ஃப்ரிட்ஜ் உடம்புக்கு வந்து நின்னிருக்கு. அங்கேர்ந்து அத்தை வழியாத்தான் அதுக்கு மண்ணுக்குப் போக வழி. லைட் எரியலை, அதனால கரண்ட் இல்லைன்னு நாங்க நினைச்சோம். வீட்டுல இருந்த கரண்ட் பூரா ஃப்ரிட்ஜ் கைப்பிடியில இருந்துச்சு.

அந்த ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இருந்துச்சு. பளபளன்னு டிஜிட்டல் நம்பர் காட்டுற ஸ்டெபிலைசர். ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணும் ஆகலை.

என் ஆதங்கம் இதுதான். பொருளைக் காப்பாத்த நாம எவ்வளவு வேணா செலவு பண்றோம். ஆளைக் காப்பாத்துற வயரை ஓட்டைக்குள்ள யாரும் எட்டிக்கூடப் பார்க்கறதில்லை. எர்த் வயர் எதையும் ஓட்டாது, எரிய வைக்காது, அது இல்லேன்னா டிவி ஓடத்தான் செய்யும். அதனாலேயே அதை 'சும்மா'ன்னு நினைச்சுட்டோம். மூணு பின்ல பெரிய பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்டுல சொருகுறோம். லேப்டாப்பைத் தொட்டா சுர்ருங்குது, "அது அப்படித்தான்"ன்னு விட்டுடறோம். அது அப்படித்தான் இல்லை! பெரும்பாலும் உங்க வீட்டு எர்த் செத்துப் போச்சுன்னு அது சொல்ற சேதி.

எர்த் இருக்கிற வீட்டுலயும் அது உயிரோட இருக்கான்னு பார்க்கணும். கடலூர் ஓ.டி. பக்கம், உப்பனாறு ஓரத்துல, உப்புக் காத்தும் உப்பு மண்ணும் சேர்ந்து ஜி.ஐ. கம்பியை கிளாம்ப் போட்ட இடத்துல நூலா அரிச்சிடும். சிதம்பரம் பக்கம் களிமண், மழையில அருமையான எர்த். சித்திரை வெயில்ல வெடிச்சுக் காய்ஞ்சா அதே எர்த் மோசமாயிடும். அதனாலதான் பழைய ஆளுங்க 2.5 மீட்டர் குழாயை இறக்கி, சுத்திக் கரியும் உப்பும் போட்டு, கோடையில தண்ணி ஊத்தச் சொன்னாங்க. சில பழைய வீட்டுல எர்த்தைத் தண்ணிக் குழாய்ல கட்டியிருப்பாங்க. குழாயை பிளாஸ்டிக்கா மாத்தி வருஷம் ஆச்சு, எர்த் இப்போ காத்துல தொங்குது.

அடுத்தது ஆர்.சி.சி.பி. போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருக்கான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா, அதாவது அந்தக் கரண்ட் யாரோ ஒருத்தர் உடம்பு வழியா மண்ணுக்குப் போகுதுன்னா, கண் சிமிட்டுற நேரத்துல கட் பண்ணிடும். 30 மில்லி ஆம்பியர்னா ஒரு சின்ன 7 வாட்ஸ் பல்பு இழுக்குற அளவுதான். அவ்வளவு போதும் ஆளைச் சாய்க்க. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழணும்னா அதைப்போல ஐந்நூறு மடங்குக்கு மேல ஓடணும், அதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும். மத்திய மின்சார ஆணையத்தோட 2010 பாதுகாப்பு விதிமுறைகளும், வீட்டு இணைப்புக்கு இந்த வகைக் கருவி 30 மில்லி ஆம்பியருக்கு மேல போகக்கூடாதுன்னுதான் சொல்லுச்சு. அத்தை வீட்டுல அது இருந்திருந்தா, அவங்க கை வெச்ச அந்த நொடியே விழுந்திருக்கும்.

"போட்டோம் சார், சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுன்னு எடுத்துட்டோம்"னு பலபேர் சொல்றாங்க. தயவு செஞ்சு எடுக்காதீங்க. அது சும்மா விழறதில்லை. எங்கயோ கசியுது, இல்லேன்னா அத்தை வீட்டு மாதிரி நியூட்ரலும் எர்த்தும் எங்கயோ முடிச்சு போட்டிருக்கு. குலைக்கிற நாயைக் கொன்னுட்டு திருடனுக்குக் கதவைத் திறந்து விடுற வேலை அது.

ஆக, என் கட்சி இது. காசு செலவு பண்ற வரிசையை மாத்துங்க.

முதல்ல எர்த். நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, குழியிலேர்ந்து ஒவ்வொரு சாக்கெட் வரைக்கும் எர்த் நிஜமா வருதான்னு மீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. சாக்கெட்டைக் கழட்டி, நியூட்ரல் முடிச்சு இல்லைன்னு கண்ணால பாருங்க.

ரெண்டாவது ஆர்.சி.சி.பி. மாசம் ஒரு தடவை அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. விழணும். விழலைன்னா மாத்தணும்.

மூணாவது, மெயின் போர்டுலயே ஓவர் வோல்டேஜ் ரிலே. வோல்டேஜ் எல்லை தாண்டினா வீட்டையே துண்டிச்சிடும், சரியானா கொஞ்சம் பொறுத்துப் போடும். நியூட்ரல் அறுந்த ராத்திரிக்கு மருந்து இதுதான். அன்னிக்கு எங்க வீட்டுல இது இருந்திருந்தா மூணு சாமான் பிழைச்சிருக்கும்.

நாலாவது எஸ்.பி.டி. அதுக்கப்புறம்தான் ஸ்பைக் பஸ்டர், ஸ்டெபிலைசர் எல்லாம். மின்னலுக்குப் பாட்டி வைத்தியம், பிளக்கைப் பிடுங்கறது.

எங்க வீட்டுல இப்போ இது எல்லாம் ஆச்சு. அத்தை வீட்டுலயும் புது எர்த் குழி போட்டாச்சு. செலவு எவ்வளவுன்னு அத்தை கேட்டாங்க, சொன்னேன். "இவ்வளவுதானா? இதைவிட அந்த ஸ்டெபிலைசர் அதிக விலைடா"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

கலசத்து வரகை அவங்க இன்னும் நம்புறாங்க. நம்பட்டும். மாசம் பிறந்தா முதல் நாள், கோயிலுக்குப் போயிட்டு வந்து டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துட்டு எனக்கு போன் பண்றாங்க. "விழுந்துடுச்சுடா." அது போதும் எனக்கு.

பி.கு: இதைப் படிச்சுட்டு நீங்களே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டு மெயின் போர்டுல கை வெக்காதீங்க. டெஸ்டர்ல லைட் எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தமில்லை. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான் :-)